ரிலாக்ஸர் போட்ட குழந்தையின் தலைமுடியை அதன் சுருளுக்குத் திருப்புவது எப்படி

சுருள்முடியை நேராக்கும் ரசாயனக் கிரீமான ரிலாக்ஸரைப் போட்டு நேராக்கிய முடி மீண்டும் சுருளாது. இதைப் பெற்றோர் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டால் பின்னால் வரும் ஏமாற்றங்களில் பாதி குறைந்துவிடும். ரிலாக்ஸரில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரங்கள், முடியின் கெரட்டின் புரதத்தைச் சுருளாகப் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, அவை பழையபடி சேர முடியாதவாறு மாற்றிவிடுகின்றன. சோடியம் ஹைட்ராக்சைடு இல்லை என்று சொல்லி விற்கப்படுபவையும், குழந்தைகளுக்கென்றே தயாரித்ததாகச் சொல்லப்படுபவையும் வேறொரு காரத்தைக் கொண்டு இதே வேலையைத்தான் செய்கின்றன. எந்த எண்ணெயும் எந்தக் கிரீமும் இந்த மாற்றத்தைத் திருப்பித் தராது. வேர்க்காலிலிருந்து இனி முளைக்கும் முடி மட்டுமே குழந்தையின் சொந்த முடியாக இருக்கும்.

அந்த முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். இறுக்கமான சுருளாக இருந்தால் வளர்ச்சி இன்னும் சற்று மெதுவாக இருப்பதுண்டு. சுருள்முடி தன்னைத்தானே சுருக்கிக்கொள்வதால் உண்மையில் 10 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாலும் பார்வைக்கு அதில் பாதிகூடத் தெரியாமல் போகலாம். எனவே ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகும் வேலை இது என்று மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

செல்வதற்கு இரண்டு வழிகள் உள்ளன. சில சென்டிமீட்டர் புதுமுடி வந்ததும் நேராக்கிய பகுதி முழுவதையும் ஒரே நாளில் வெட்டிவிடுவது ஒன்று. புதுமுடி வளர வளர நுனியைச் சிறிது சிறிதாகக் கத்தரித்துக்கொண்டே வருவது மற்றொன்று. பராமரிப்புக்கு முதல் வழி எளிது, அதில் ஐயமில்லை. ஆனால் நீளமான முடியோடு தன்னைக் கண்ணாடியில் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றக்கூடும் என்பதால், அந்த முடிவைப் பிள்ளையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான்கு வயதுக் குழந்தைக்குக்கூட, வெட்டினால் எப்படி இருக்கும், வெட்டாவிட்டால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை எளிய சொற்களில் சொல்லிப் புரியவைக்க முடியும். தயங்கினால் இரண்டாம் வழியிலேயே செல்லுங்கள். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை 1 அல்லது 2 சென்டிமீட்டர் வெட்டினால் போதும்.

இரண்டாம் வழியில் செல்பவர்கள் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒற்றை முடியை இரு விரல்களுக்கிடையே வைத்து வேரிலிருந்து நுனி நோக்கி நழுவவிட்டுப் பாருங்கள்: முதலில் நெளிநெளியாக விரலில் தட்டுப்படும், ஓர் இடம் வந்ததும் சட்டென்று தளர்ந்து, வெறும் நூலைப் போல வழுக்கிக்கொண்டு போகும். பழைய முடியும் புதிய முடியும் சந்திக்கும் அந்த இடம்தான் முழு நீளத்திலும் பலவீனமானது. முடி உடைந்தால் பெரும்பாலும் அங்கேதான் உடையும். சிக்கெடுப்பது, பின்னுவது, படுக்க வைப்பது என எதைச் செய்தாலும் அந்த இணைப்பில் இழுவிசை விழாமல் பார்த்துக்கொள்வதே இந்தக் காலம் முழுவதும் உங்கள் வேலை.

தலைக்கு ஊற்றும் நாளில்தான் அந்த இணைப்புக்குச் சோதனை அதிகம். வாரத்துக்கு ஒருமுறை, அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டினால் போதும். அவசரமில்லாத நாளாகத் தேர்ந்தெடுங்கள். பிள்ளை பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கக் கூடாது. சிறிது நேரம் முன்னதாகத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் கழுவும்போது முடி இழக்கும் புரதம் குறையும். முடியை நான்கு அல்லது ஆறு பகுதிகளாக வகிடெடுத்துப் பிரித்து, ஒவ்வொன்றையும் தளர்வாக முறுக்கி வைத்துக்கொண்டு, ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் விரல்நுனியால் தேயுங்கள். முழு முடியையும் உச்சியில் குவித்துக் கசக்கினால் எடுக்கவே முடியாத சிக்கு விழும்.

பிறகு ஒரு பகுதியை மட்டும் அவிழ்த்து, சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, முதலில் விரல்களாலும் பிறகு அகலமான பற்கள் உள்ள சீப்பாலும் சிக்கெடுக்க வேண்டும். நுனியில் தொடங்கி, அது விடுபட்ட பிறகு சற்று மேலே, அதன் பிறகு இன்னும் சற்று மேலே என்று வேர் வரை செல்லுங்கள். சிக்குக்கு மேலே உள்ள முடியை மறு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு அந்தக் கையோடு நின்றுவிடும். பிள்ளையின் தலைத்தோலுக்கு வலி எட்டாது. கண்ணில் நீர் வரும் அளவுக்கு வலித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு இன்னும் கண்டிஷனர் பூசுங்கள். தன் முடியைப் பிள்ளை நேசிக்குமா, அஞ்சுமா என்பது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் முடிவாகிறது என்று நான் நம்புகிறேன்.

அலசிய பின் துண்டால் துவட்டித் தேய்க்காமல், பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் கழுவத் தேவையில்லாத கண்டிஷனரைப் பூசி, அதன்மேல் சில துளி எண்ணெய் தடவுங்கள். இரவில் சாட்டின் துணியாலான தொப்பியோ தலையணை உறையோ போதும். பருத்தி உறை முடியை உராய்ந்து வறளச் செய்யும்.

வேர்ப்பகுதி சுருண்டும் நுனி நேராகவும் தொங்குவது பிள்ளைக்குக் கூச்சம் தரும். இதை மறைக்க இரண்டு பிரிகளாக முறுக்கிவிடுவது மிக எளிய வழி. ஈரமாக இருக்கும்போது முறுக்கி, நுனியைச் சிறு சுருளியில் (ரோலரில்) சுற்றி, நன்கு உலர்ந்த பிறகு அவிழ்த்தால் முழு நீளமும் ஒரே அலையாகத் தெரியும். பின்னலும் போடலாம், ஆனால் தளர்வாக. நெற்றியோரத்தில் சிறு கொப்புளங்கள் தோன்றினாலோ, பின்னிய அன்றிரவு பிள்ளை தலை வலிக்கிறது என்று சொன்னாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். தொடர்ந்து இறுக்கமாக இழுக்கப்பட்ட வேர்க்கால்கள் காலப்போக்கில் நிரந்தரமாக முடியை இழந்துவிடக்கூடும். எந்தப் பின்னலையும் ஆறு வாரங்களுக்கு மேல் விடாதீர்கள். தலைத்தோலில் புண்ணோ வட்டமான வழுக்கையோ கண்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாம் அல்லது நான்காம் மாதத்தில் உங்களுக்கே ஒரு சலிப்பு வரும். வேரில் மட்டும் ஒருமுறை ரிலாக்ஸர் போட்டுச் சமன் செய்துவிடலாமா, விசேஷத்துக்கு மட்டும் ஸ்ட்ரெய்ட்னர் வைக்கலாமா என்று தோன்றும். ரிலாக்ஸர் போட்டால் அதுவரை வளர்ந்த புதுமுடியின் சுருள் முழுவதும் போய்விடும். அதிகச் சூடும் சுருளை நிரந்தரமாகத் தளர்த்திவிட வல்லது. இரண்டும் வேண்டாம்.

வீட்டில் புழங்கும் சொற்களையும் கவனியுங்கள். "பரட்டை", "அடங்காத முடி" என்று பெரியவர்கள் வாய்தவறிச் சொல்வது பிள்ளையின் காதில் தங்கிவிடும். உறவினர் சொன்னாலும், "இதுதான் இவள் முடி, நன்றாக வளர்கிறது" என்று பிள்ளை கேட்கும்படியே பதில் சொல்லிவிடுங்கள்.

கடைசி வெட்டுக்கு முன் முடியை நன்றாக நனைத்துப் பாருங்கள். ஈரத்திலும் சுருளாமல் நீண்டு தொங்கும் நுனிகள்தான் இன்னும் மிச்சமிருக்கும் பழைய முடி. அவற்றை மட்டும் வெட்டினால் போதும். அதன் பிறகு பிடரியில் இறுக்கமாகவும் உச்சியில் தளர்வாகவும் இருவேறு சுருள்கள் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். ஒரே தலையில் பல வகைச் சுருள்கள் இருப்பது இயல்பே.