20 லிட்டர் வாளியில் ஒன்பது ஸ்ட்ராபெரிச் செடிகள்

பக்கவாட்டில் துளை போட்ட வாளியில் ஸ்ட்ராபெரி வைத்தால் வழக்கமாக நடப்பது இதுதான்: மேல் செடிகள் தளதளவென்று நிற்கும், கீழ் வரிசை வாடிக் கருகும். மேலே ஊற்றும் தண்ணீர் அடிவரை இறங்காமல் மேல் துளைகளிலேயே வழிந்துவிடுகிறது. அதனால் இந்தத் தொட்டிக்கு உயிர் நடுவே நிற்கும் குழாய்தான். அதைச் செய்யும்போது மட்டும் அவசரப்படாதீர்கள்.

வாளி

சுமார் 37 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் வாளி எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் 10 மி.மீ. துளைகள் எட்டு. பக்கத்தில் 5 செ.மீ. அகலத் துளைகள் ஆறு: அடியிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் மூன்று, 24 செ.மீ. உயரத்தில் மூன்று. மேல் துளை கீழ்த் துளைக்கு நேர் மேலே வராமல், இரண்டு துளைகளுக்கு நடுவே விழட்டும். டிரில்லில் ஹோல் சா (வட்டத் துளை வெட்டும் வாள்) மாட்டி வெட்டுங்கள். கத்தி வைத்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும். விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். இல்லாவிட்டால் காற்றில் ஆடும் இலைக்காம்புகளை அது அறுத்துவிடும்.

குழாய்

32 மி.மீ. பிவிசி குழாய், 45 செ.மீ. நீளம். அடிமுனையை மூடி போட்டு அடைத்துவிடுங்கள். மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் மட்டும், நாலு பக்கமும் 4 மி.மீ. துளைகள் போட வேண்டும். மேல் பாதியில் 4 செ.மீ.க்கு ஒன்று, கீழ்ப் பாதியில் 8 செ.மீ.க்கு ஒன்று. குழாய் நிரம்பியதும் அடியில் அழுத்தம் கூடி, கீழ்த் துளைகளில் தண்ணீர் வேகமாக வெளியேறும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் துளைத்தால் அடி சகதியாகிவிடும். நைலான் வலையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் துளைகளை மண் அடைக்காது.

மண் கலவை

கோகோபீட் (தென்னை நார்க்கழிவுத் தூள்) 8 லிட்டர், மண்புழு உரம் 6 லிட்டர், பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைக் கல் துகள்) 4 லிட்டர். கோகோபீட்டை ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே கலக்குங்கள். ஸ்ட்ராபெரிக்கு உப்பு ஆகாது. இலை ஓரம் பழுப்பாகக் காய்வது பெரும்பாலும் அதனால்தான். சாம்பல், சுண்ணாம்பு வேண்டாம். கலவையின் பிஎச் (அமில-கார அளவு) 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் வேர் இரும்புச்சத்தை எடுக்கத் திணறி, இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளாகிவிடும்.

நடவு

விதை வேண்டாம், நாற்று வாங்குங்கள். குளிர்ந்த பருவம் தொடங்கும்போது நடுவது நல்லது. 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூப்பது குறையும்.

குழாயை நடுவில் நிறுத்தி, கீழ் வரிசைத் துளைவரை கலவையை நிரப்புங்கள். நாற்றின் வேரை ஈரச் செய்தித்தாளில் கூம்பாகச் சுருட்டி, வெளியிலிருந்து உள்ளே செருகுங்கள். இலைகளெல்லாம் கிளம்பும் அந்தக் குட்டையான குருத்து துளையின் வாயில் நிற்க வேண்டும். உள்ளே புதைந்தால் அழுகும்; வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வேர் காயும்.

புதியவர்கள் பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ஒரு வாரத்தில் கலவை அமுங்கும், வேரோடு சேர்த்துக் குருத்தையும் உள்ளே இழுத்துவிடும். ஒவ்வொரு அடுக்கு போட்டதும் தண்ணீர் தெளித்து, கையால் அமுக்கிவிட்டே அடுத்த அடுக்குக்குப் போங்கள். ஆறு நாற்றும் வைத்து முடித்தபின் மேற்பரப்பில் மூன்று.

பராமரிப்பு

தினமும் 6 முதல் 8 மணி நேர வெயில் வேண்டும். நான்கு நாளுக்கொரு முறை வாளியைக் கால் சுற்று திருப்புங்கள். தண்ணீரைக் குழாயில் மெதுவாக ஊற்றி, மேற்பரப்புக்குக் கொஞ்சம் மட்டும் விடுங்கள். நாள் கணக்கு வேண்டாம். கீழ்த் துளையில் விரலை 3 செ.மீ. விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் தேவையில்லை.

முதல் ஐந்து வாரம் வரும் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் வேர் பிடிக்காத செடியில் காய் விட்டால் பழம் சுண்டைக்காய் அளவில் நின்றுவிடும். தாய்ச்செடியிலிருந்து நீண்டு ஓடிப் புதுச் செடி விடும் ஓடுதண்டுகளையும் வெட்டிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 19-19-19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். பூக்கத் தொடங்கியதும் தழைச்சத்து குறைந்து சாம்பல் சத்து கூடிய 13-0-45க்கு மாறுங்கள். தழைச்சத்து கூடினால் இலை மட்டுமே பெருக்கும்.

பழம் ஒரு பக்கம் கோணலாக வந்தால் அது நோயல்ல. பழத்தின் மேலுள்ள ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றியுள்ள சதையைப் பருக்கவைக்கும் ஹார்மோனைத் தருகிறது. மகரந்தம் சேராத விதையைச் சுற்றிச் சதை பருக்காது. தேனீ வராத இடமென்றால், பூவின் நடு மேட்டை மென்மையான தூரிகையால் ஒரு முழு வட்டம் தடவுங்கள்.

சாம்பல் நிறப் பூஞ்சை படிந்த பழத்தை அன்றே கிள்ளி அப்புறப்படுத்துங்கள்; பக்கத்துப் பழத்துக்கும் தாவும். இலை மேலே வெளிறிப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அடிப்பக்கம் சிவப்புச் சிலந்தி இருக்கிறதா என்று பாருங்கள். வறண்ட வெப்பத்தில் வரும் அது. இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே ஆரம்பத்தில் அடங்கும்.

பூத்து நான்கு முதல் ஆறு வாரத்தில் பழம். பறித்த பிறகு ஸ்ட்ராபெரி பழுப்பதில்லை, அதனால் காம்புக்கடியில் உள்ள வெள்ளையும் சிவக்கும்வரை விட்டுவிட்டு, காலையில் காம்போடு கிள்ளுங்கள்.