நஷ்டமா, மோசடியா? பணத்தின் தடத்தை வைத்து நிரூபிக்கும் முறை

முதலீட்டு மோசடி வழக்கு எதுவானாலும் எதிர்த்தரப்பு எடுத்த எடுப்பில் சொல்வது, "தொழிலில் நஷ்டம் வந்துவிட்டது, ஏமாற்றும் எண்ணம் இல்லை" என்பதுதான். பணம் போனதைக் காட்டிவிடலாம். எண்ணத்தைக் காட்டுவதுதான் விசாரணை அதிகாரிக்குப் பெரும்பாடு.

சம்மன் அனுப்புவதற்கு முன்பே ஆவணங்களைக் கைப்பற்றிவிடுங்கள். அனுப்பிய பிறகு போனால் வெறும் அலமாரிதான் இருக்கும். ஹார்டு டிஸ்க்கை நேரடியாகத் திறந்து பார்க்காதீர்கள். கோப்புகளின் தேதிகள் மாறிப்போகும். ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) பொருத்தி முழு நகல் எடுத்து, அசல், நகல் இரண்டின் ஹாஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) மகஜரிலேயே, அதாவது கைப்பற்றியதைப் பதியும் ஆவணத்திலேயே, எழுதுங்கள். ஷா-256 என்ற ஹாஷ் முறை என்றால் அது 64 எழுத்து. இரண்டும் அப்படியே பொருந்த வேண்டும்.

வங்கிக் கணக்கு விவரத்தைச் சந்தேக நபரிடம் வாங்காதீர்கள், வங்கியிடமே கேளுங்கள். கணக்குத் தொடங்கிய படிவம், கையெழுத்து அட்டை, காசோலை நகல் எல்லாம் சேர்த்து. பிறகு ஒவ்வொரு நாளின் தொடக்க இருப்பையும் பாருங்கள். காலையில் இருப்பு 2,000. பத்துப் பேர் தலா 1,00,000 போடுகிறார்கள். மாலையில் பழைய முதலீட்டாளர்களுக்கு 'லாபம்' 3,00,000 போகிறது, மறுநாள் உறவினர் பெயரில் நிலத்துக்கு 5,00,000. லாபம் எங்கிருந்து வந்தது என்று அந்த 2,000 சொல்லிவிடும். கூடவே, சரக்கு, கூலி, மின்கட்டணம் என எதற்கும் பணம் போகவில்லையா என்று பாருங்கள். அப்படியானால் நஷ்டப்பட அங்கே தொழிலே இல்லை. 1920-இல் அமெரிக்காவில் சார்லஸ் போன்சி என்ற மோசடிக்காரர் 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொல்லி, அஞ்சல் பதில் கூப்பன் (வெளிநாட்டிலிருந்து பதில் எழுத அஞ்சல்தலையாக மாற்றிக்கொள்ளும் சீட்டு) வியாபாரத்தைக் காரணம் காட்டினார். அவர் வசூலித்த தொகைக்கு ஈடான கூப்பன்கள் புழக்கத்திலேயே இல்லை.

எல்லாம் ரொக்கமாக நடந்திருந்தால் நிகர சொத்துக் கணக்குதான் வழி. ஆண்டுத் தொடக்கத்தில் கடன் போக சொத்து 20 லட்சம், முடிவில் 50 லட்சம், குடும்பச் செலவு 10 லட்சம், தெரிந்த வருமானம் 12 லட்சம் என்றால், கணக்கில் வராதது 28 லட்சம். சொத்துக்கு வாங்கிய விலையைப் போடுங்கள், இன்றைய சந்தை விலையை அல்ல. இந்தக் கணக்கு உடைவது பெரும்பாலும் தொடக்கப் புள்ளியில்: "பழைய சேமிப்பு வீட்டில் ரொக்கமாக இருந்தது" என்பார்கள். அதே காலத்தில் சந்தேக நபர் கொடுத்த கடன் விண்ணப்பம், நகை அடகுச் சீட்டு கிடைத்தால் எடுத்து வையுங்கள். வீட்டில் பல லட்சம் வைத்துக்கொண்டு வட்டிக்கு வாங்குவானேன்?

எண்ணத்துக்கு வேண்டியது ஒரு தேதிப் பட்டியல். திருப்பித் தர முடியாது என்று அவருக்குத் தெரிந்த நாள் ஒரு பக்கம் (கணக்காளரின் மின்னஞ்சல், திரும்பிய காசோலை), அதற்குப் பிறகும் புது ஆட்களிடம் வாங்கிய ரசீதுகள் மறுபக்கம்.

மொத்தத் தொகையை எழுதுமுன், அவருடைய கணக்குகளுக்குள்ளேயே மாற்றிக்கொண்ட பணத்தைக் கழித்துவிடுங்கள். ஒரே ரூபாயை இரண்டு முறை எண்ணியது குறுக்கு விசாரணையில் அகப்பட்டால், மீதிப் பட்டியலையும் யாரும் நம்பமாட்டார்கள்.