பல்லுயிர் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாச்சு, வேலையை செய்ய ஆளுங்களை தயார் பண்றது எப்படி?

கெப்பாசிட்டி பில்டிங், அதாவது திறன் வளர்ப்புன்னதும் நிறைய நாடுகள்ல நேரா ஹால் புக் பண்ணி ஒர்க்‌ஷாப் நடத்தி சர்டிபிகேட் குடுத்து போட்டோ எடுத்து அனுப்பிடுறாங்க, வந்தவரு திரும்ப சீட்ல போய் உக்காந்தா எந்த ஃபைலை எங்க தள்ளணும்னு தெரியாம முழிக்கிறாரு. அதனால ட்ரெய்னிங்ல ஆரம்பிக்காதீங்க, ஃபைல்ல ஆரம்பிங்க.

நகோயா நெறிமுறையை எடுத்துக்கோங்க, ஒரு நாட்டோட செடி மாதிரி மரபு வளத்தை எடுத்து பயன்படுத்துறவங்க அனுமதி வாங்கணும், பலனை பங்கு போடணும்னு சொல்ற சர்வதேச ஒப்பந்தம் அது, 2010ல ஒத்துக்கிட்டு 2014ல அமலுக்கு வந்தது. வெளிநாட்டு ரிசர்ச்சர் ஒருத்தர் மூலிகை சாம்பிள் கேட்டு அப்ளிகேஷன் போடுறாருன்னு வைங்க. அதை யார் வாங்குவாங்க, அந்த மூலிகையை பத்தின அறிவு ஊர் மக்களோடதுன்னா அவங்க சம்மதத்தை யார் கேப்பாங்க, பலன்ல யாருக்கு என்ன பங்குன்னு ஒப்பந்தம் யார் எழுதுவாங்க, பெர்மிட்டை இந்த நெறிமுறைக்கான சர்வதேச தகவல் சைட்டான ஏபிஎஸ் கிளியரிங் ஹவுஸ்ல யார் ஏத்துவாங்க? அங்க ஏத்தினாதான் அது சர்வதேச அளவுல ஏத்துக்குற சான்றிதழா ஆகும், இல்லன்னா உள்ளூர் காகிதம்தான்.

ஒவ்வொரு படிக்கும் பக்கத்துல ஆளோட பதவியை எழுதுங்க. எங்க காலியா இருக்கோ அங்க இல்லாதது சட்டமா, ஆளா, காசான்னு பாருங்க, ஏன்னா சட்டமே இல்லாத இடத்துல ட்ரெய்னிங் குடுத்து ஒண்ணும் ஆகப்போறதில்ல.

அடுத்து ட்ரான்ஸ்பர் தொல்லை. ஃபோக்கல் பாயின்ட் அதிகாரி, அதாவது ஒப்பந்தத்துக்கு நாட்டு சார்பா தொடர்பு வச்சிருக்கிறவர், மாறிப் போனா லாகினும் அவர் சொந்த மெயிலோட போயிடும், இதெல்லாம் ஒரு விஷயமான்னு தோணும், ஆனா ஒப்பந்தத்துக்கு நாடு அனுப்ப வேண்டிய ரிப்போர்ட் லேட்டாகுறதே இப்படித்தான். ஆபீஸ் மெயில் வைங்க, ரெண்டு பேரை பழக்குங்க, படிப்படியா செய்முறையை அவங்க பேசுற மொழியிலயே எழுதி வைங்க.

அழிஞ்சுபோற ஆபத்துல இருக்குற விலங்கு, செடிகளோட சர்வதேச வியாபாரத்தை கட்டுப்படுத்துற சைட்டீஸ் ஒப்பந்தம்னா ட்ரெய்னிங் போக வேண்டியது கஸ்டம்ஸுக்கு, அறுத்த பலகையை பாத்து என்ன மரம்னு சந்தேகப்பட தெரியணும்ல.

காசுக்கு ஜிஇஎஃப்ங்கிற உலக சுற்றுச்சூழல் நிதியம் இருக்கு, அதுதான் பல்லுயிர் உடன்படிக்கையோட நிதி வழி. ஆனா அது ப்ராஜெக்ட் காசு, ஒருநாள் முடியும், சம்பளத்தை அரசு பட்ஜெட்லயே போடுங்க. அந்த உடன்படிக்கையில நாடுகள் ஒத்துக்கிட்ட 2022 குன்மிங்-மான்ட்ரியால் உலக பல்லுயிர் திட்டத்துல 23 இலக்கு இருக்கு, 20வது இலக்கே திறன் வளர்ப்புதான், அதை காட்டி நிதித்துறையில கேளுங்க.

எத்தனை பேருக்கு ட்ரெய்னிங் குடுத்தோம்னு எண்ணாதீங்க. கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு டம்மி அப்ளிகேஷனை உள்ள விட்டு, அது எந்த மேசையில போய் படுக்குதுன்னு பாருங்க, அடுத்த ட்ரெய்னிங் அந்த மேசைக்கு.