தோட்டப்புற ஊரில் பெண்கள் உடைக்கடை: சரக்குக் கணக்கு போடும் முறை

என் முதல் தீபாவளிக்கு ஒரே டிசைனில் 40 பஞ்சாபி சூட் எடுத்தேன். மெரூன் நிறம், கழுத்தில் சரிகை வேலை. ஒன்று 30 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). 69 வெள்ளி என்று டேக் மாட்டினேன். ஒன்றுக்கு இரண்டு என்று மனதுக்குள் ஒரே கொண்டாட்டம். முழு விலைக்குப் போனது 22 தான். பத்து 49 வெள்ளிக்குப் போனது. மிச்சம் எட்டையும் பொங்கல் முடிந்து 25 வெள்ளிக்குத் தள்ளிவிட்டேன். 2,760 வர வேண்டிய இடத்தில் 2,208 வெள்ளிதான் வந்தது. பாக்கி 552 வெள்ளி ஹேங்கரிலேயே தொங்கிக் காய்ந்துபோனது.

இத்தனைக்கும் ஈப்போவில் பல கிளைகள் உள்ள ஒரு பெண்கள் உடைக்கடையில் சூப்பர்வைசராக இருந்தவள் நான். அங்கே தினமும் பார்த்த கணக்கைச் சொந்தக் கடையில் போடாமல் விட்டதுதான் கோளாறு. இப்போது சுங்கை சிப்புட்டில் நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். ஒரு கோடு போட்ட நோட்டு போதும். (எஸ்எஸ்எம் என்ற மலேசிய நிறுவனப் பதிவு ஆணையத்தில் கடைப் பெயரைப் பதிய வருடத்துக்கு 60 வெள்ளி, நகராண்மைக் கழக லைசென்ஸ் தனி. அதையெல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.)

முதல் படி: விலை

கடையில் மூன்றே விலை வையுங்கள். என் கடையில் 39, 69, 119. பெரிய கடைகளும் இப்படித்தான் தட்டுப் பிரிக்கின்றன. 1971இல் தொடங்கிய பாடினி என்ற மலேசிய உடை நிறுவனத்தைப் பாருங்கள்: செருப்பு, கைப்பைக்கு வின்சி, விலை குறைந்த உடைக்கு பிராண்ட்ஸ் அவுட்லெட். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி உள்ள நாட்டில், இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் தனக்கும் எடுக்க வரும் அம்மாவின் கை எந்தத் தட்டில் நிற்கும் என்று யோசியுங்கள். நடுத்தட்டில்தான் சரக்கு அதிகம் இருக்க வேண்டும்.

லாபத்தை வாங்கிய விலையில் பார்க்காதீர்கள், விற்ற விலையில் பாருங்கள். 30க்கு வாங்கி 69க்கு விற்றால் லாபம் 39. அதை 69ஆல் வகுத்தால் 56 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். என் மெரூன் கதையில் கடைசியில் நின்றது 46 சதவீதத்துக்கும் கீழே. வாடகை, கரண்டு, உதவிக்கு நிற்கும் பெண்ணின் சம்பளம் எல்லாம் அதற்குள்தான்.

இரண்டாம் படி: சைஸ்

காசு ஓட்டை விழுவது இங்கேதான். மொத்த வியாபாரி சைஸுக்கு ஒன்று என்று செட்டாகக் கட்டிக் கொடுப்பார். நம் ஊர் உடம்பு செட்டாக வராது! என் நோட்டின்படி பன்னிரண்டு உருப்படிக்கு எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் மூன்று, எக்ஸெல் மூன்று, டபுள் எக்ஸெல் இரண்டு, டிரிபிள் ஒன்று. உங்கள் ஊருக்கு இது மாறும், எப்படித் தெரிந்துகொள்வது? விற்றதை மட்டும் எழுதாமல், கேட்டுக் கிடைக்காமல் போனதையும் எழுதுங்கள். "தங்கச்சி, இதுல டபுள் எக்ஸெல் இருக்கா?" என்று ஓர் அக்கா கேட்டு, இல்லை என்றதும் துணியை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுவார். அந்த நிமிடமே நோட்டில் ஒரு கோடு போடுங்கள். அந்த மெரூனில் கடைசிவரை நின்ற எட்டில் ஆறு, எஸ் சைஸ்.

மூன்றாம் படி: டேக்கின் பின்பக்கம்

சரக்கு வந்தது வருடத்தின் எத்தனையாவது வாரம் என்று டேக்கின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். 2026இல் செப்டம்பர் 14ஆம் தேதி வாரம் என்றால் 38. அந்த வருடத் தீபாவளி நவம்பர் 8, அது 45ஆவது வாரத்தின் கடைசி நாள். டேக்கைத் திருப்பினால் அந்தத் துணி எத்தனை வாரமாகத் தொங்குகிறது என்று தெரிந்துவிடும்.

நான்கு வாரம் கழித்து எண்ணுங்கள். வந்ததில் பாதி போயிருந்தால் விட்டுவிடுங்கள். மூன்றில் ஒரு பங்குகூடப் போகவில்லையா? பண்டிகைக்கு முன்பே விலையைக் குறையுங்கள், தீபாவளிக்கு மறுநாள் அதை யாரும் கேட்க மாட்டார்கள். குறைப்பது என்றால் 69ஐ 65 ஆக்குவது இல்லை, 49 ஆக்குவது. நான்கு வெள்ளிக்காக யாரும் மனசு மாற மாட்டார்கள்.

ஒன்று கவனம். எண்ணும் நாளை மாத முதல் வாரத்தில் வைக்காதீர்கள். சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்தாக வேண்டும், அதனால் நம் ஊரில் கடை நிறைவது ஏழுக்கு அப்புறம்தான். மூன்றாம் தேதி எண்ணிப் பார்த்துப் பயந்து, நல்ல சரக்கைக் குறைத்து விற்றிருக்கிறேன்.

நான்காம் படி: எவ்வளவுக்கு எடுக்கலாம்

எல்லாம் விற்கும் விலையில் கணக்கு. தீபாவளிக்குள் 20,000 வெள்ளி வியாபாரம் எதிர்பார்க்கிறீர்கள், முடிந்தபின் கடையில் 6,000க்குச் சரக்கு நிற்க வேண்டும். இப்போது 9,000க்கு இருக்கிறது. இருபதும் ஆறும் இருபத்தாறு, அதில் ஒன்பதைக் கழித்தால் 17,000. வாங்கும் விலை விற்கும் விலையில் 45 சதவீதம் என்றால், கையில் எடுத்துப் போக வேண்டியது 7,650 வெள்ளி.

அதையும் ஒரே நடையில் செலவழிக்காதீர்கள். கோலாலம்பூரில் மொத்தக் கடைகள் உள்ள கெனங்காவிலோ, துணிக்கடைகள் உள்ள மஸ்ஜித் இந்தியாவிலோ முதல் தடவை 5,000க்கு எடுங்கள். மிச்சம் 2,650ஐ மூன்று வாரம் தொடாமல் வைத்து, நோட்டில் எந்த சைஸுக்குக் கோடு அதிகமோ அதற்கு மட்டும் இரண்டாவது தடவை போங்கள்.