ஏ டீம், பி டீம், ஒரே அறை: ஃப்ளூ பெருந்தொற்றுத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் கம்பெனியின் ஃப்ளூ பெருந்தொற்றுத் திட்டத்தை எனக்கு அனுப்பி, “அண்ணே, ஒருதடவை பார்த்துச் சொல்லுங்க” என்றார். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் இரும்பு வேலை செய்யும் சிறிய கம்பெனி. அவர் சேஃப்டி ஆபீசராகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. திட்டம் 22 பக்கம், உழைத்து எழுதியிருந்தார். ஒன்பதாம் பக்கத்துக்கு வந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு பாதி படுத்தாலும் இன்னொரு பாதி வேலை பார்க்கட்டும் என்று ஊழியர்களை ஏ டீம், பி டீம் என்று பிரித்திருந்தார். பெயர்ப் பட்டியலின் மேல் பாதி ஏ, கீழ்ப் பாதி பி. 2009இல் நான் போட்ட அதே அட்டவணை.

கை கழுவுவது, இருமும்போது வாயை மூடுவது எல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். திட்டம் எழுத உட்காரும் புதியவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகளை மட்டும் சொல்கிறேன்.

இப்போது எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். எச்5என்1 பறவைக் காய்ச்சல் 1997இல் ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றியது, 6 பேர் இறந்தார்கள். 2003க்குப் பிறகு உலக அளவில் 900க்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு அது வந்திருக்கிறது, அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்துவிட்டார்கள். 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளிலும் அதைக் கண்டுபிடித்தார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு அது இன்னும் எளிதாகப் பரவவில்லை. பரவத் தொடங்கிய பிறகு உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது. 1957 ஃப்ளூ சிங்கப்பூரைப் பிடித்த கொஞ்ச நாளிலேயே, மே மாதம், ரஜூலா கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கிவிட்டது. அது கப்பல் காலம். இன்று சாங்கி விமான நிலையத்தில் ஏறினால் நாலு மணி நேரத்தில் சென்னை.

பெயரைப் பார்த்து ஆளைப் பிரிப்பது

2009இல் எச்1என்1 வந்தபோது எங்கள் பட்டறையில் 64 பேர். 32, 32 என்று பிரித்தேன். பகல் ஷிப்ட் ஏ, இரவு ஷிப்ட் பி. இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் இடைவெளி, அந்த நேரத்தில் கைப்பிடி, மேசை, சுவிட்ச் எல்லாம் துடைப்பார்கள். ஒரு டீம் ஆள் இன்னொரு டீம் ஆளைப் பட்டறைக்குள் பார்க்கவே முடியாது. முதலாளி பாராட்டினார். நானும் நம்பினேன்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, பி டீம் வெல்டர் ஒருவருக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமைக்குள் 11 பேர். அதில் 6 பேர் ஏ டீம்.

எனக்குப் புரியவே இல்லை. அன்று சாயங்காலம் முதல்முறையாக அவர்கள் தங்கியிருந்த டார்முக்கு, அதாவது தொழிலாளர் விடுதிக்கு, போனேன். 16 பேர் படுக்கும் அறை. புதுக்கோட்டை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை என்று ஊர்க்காரர்கள் ஒன்றாகக் கேட்டு வாங்கிய அறை. மாமன், மச்சான், சித்தப்பா மகன் எல்லாரும் அதற்குள். நான் அகர வரிசையில் பிரித்ததால் ஒவ்வொரு அறையிலும் ஏழெட்டுப் பேர் ஏ, மீதிப் பேர் பி. சமையலும் கூட்டுச் சமையல். பி டீமை இறக்கிவிடும் லாரிதான் ஏ டீமை ஏற்றிக்கொண்டு திரும்பும். பட்டறையில் அரை மணி நேர இடைவெளி விட்டு நான் பிரித்து வைத்தவர்கள், அறைக்குப் போய் ஒரே மின்விசிறியின் கீழ் படுத்திருந்தார்கள்.

அங்கிருந்த மூத்த தொழிலாளி ஒருவர் கோபமில்லாமல் சொன்னார்: “தம்பி, நீங்க பட்டறையத்தான் பிரிச்சீங்க. எங்க சோத்துச் சட்டியப் பிரிக்கலையே.”

வேலை ஒன்பது நாள் நின்றது. தாமதத்துக்காக வாடிக்கையாளர் பிடித்த பணத்தைப் பின்னர் ஈடுகட்ட முடிந்தது. ஆனால் சர்க்கரை நோய் இருந்த ஒரு அண்ணன் நிமோனியாவோடு பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். பிழைத்து வந்தார். அவர் மனைவியிடம் தினமும் போனில் பேசியது நான்தான். அந்த அட்டவணையை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வருவது அதனால்தான்.

ஃப்ளூ வேகமான நோய். தொற்றிய ஒன்று முதல் நாலு நாளைக்குள் காய்ச்சல் தெரியும், காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குப் பரவத் தொடங்கியிருக்கும். முதல் ஆள் படுக்கும்போது அவர் அறையில் இன்னும் சிலருக்கு அது போயிருக்கும் என்றே கணக்குப் போட வேண்டும்.

இதை 2020 எல்லாருக்கும் கற்றுக்கொடுத்திருக்கும் என்று நினைத்தேன். கொரோனா காலத்தில் கம்பெனிக்குக் கம்பெனி டீம் பிரித்தார்கள். அந்த டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்குப்படி, டார்ம்களில் இருந்த தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினருக்கு அதற்குள் தொற்று வந்து போயிருந்தது. இத்தனைக்குப் பிறகும் புதிதாக வருகிறவர் எக்செலைத் திறந்து பெயர்ப் பட்டியலை நடுவில் வெட்டுகிறார்.

சரி, எப்படிப் பிரிப்பது? பெயருக்குப் பக்கத்தில் முதலில் டார்ம், அறை எண், படுக்கை எண் எழுதுங்கள். அடுத்து எந்த லாரி, யாரோடு சமையல். ஒரு அறை முழுக்க ஒரே டீம், ஒரே லாரி, ஒரே ஷிப்ட். அறையை வெட்டாதீர்கள்.

இதைச் செய்ததும் இன்னொரு சிக்கல் தெரியும். வெல்டர்கள் எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள், அந்த அறை படுத்தால் வெல்டிங்கே நின்றுவிடும். கிரேன் ஓட்டத் தெரிந்த இரண்டு பேரும் மேல் படுக்கை, கீழ்ப் படுக்கையாக இருப்பார்கள். அவர்களை இப்போதே வேறு வேறு அறைக்கு மாற்ற வேண்டும். உறவுக்காரர்களைப் பிரிப்பதால் மனக்கசப்பு வரும். உட்கார்ந்து காரணத்தைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள், நான் பேசியவர்களில் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டார்கள். தொற்று வந்த பிறகு ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கச் சொன்னால்தான் சண்டை வரும்.

ஆபீஸ் ஆட்களையும் மறக்காதீர்கள். அக்கவுண்ட்ஸில் இருக்கும் மூன்று பேர் பூன் லேயில் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்திருப்பார்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் அதே கம்பெனியில் இருப்பார்கள்.

காய்ச்சலைச் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்

வாசலில் வெப்பமானி வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. லாரி ஏறும் முன்பே காய்ச்சல் மாத்திரை பனடால் இரண்டு போட்டுக்கொண்டு 36.8 காட்டுவார்கள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் தலைமேல் இருக்கும்போது எம்சி (டாக்டர் தரும் நோய் விடுப்புச் சீட்டு) எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

சட்டப்படி ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு, மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள். ஆனால் மூன்று மாதம்கூட ஆகாதவருக்குச் சட்டம் கட்டாயமாக்கும் சம்பள விடுப்பு எதுவும் இல்லை. கடன் அதிகம் இருப்பது அவருக்குத்தான், மறைப்பவரும் அவர்தான். பெருந்தொற்றுக் காலத்தில் புதியவருக்கும் சம்பளம் உண்டு, காய்ச்சலுக்காக யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். அதைத் தமிழிலும் வங்காளத்திலும் பர்மிய மொழியிலும் எழுதி டார்ம் கதவில் ஒட்டுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டினால் சூப்பர்வைசர்தான் படிப்பார்.

அரசு அறிவிக்கட்டும், அப்புறம் வாங்கலாம்

2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரில் அப்போதிருந்த டார்ஸ்கான் என்ற நோய்ப் பரவல் எச்சரிக்கை நிறம் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது. அன்று ராத்திரியே கடைகளில் அரிசி, நூடுல்ஸ், டிஷ்யூ அலமாரிகள் காலி. “ஆரஞ்சு வந்ததும் மாஸ்க் ஆர்டர் செய்க” என்று திட்டத்தில் எழுதி வைத்திருந்த கம்பெனிகள் திங்கட்கிழமை போன் போட்டன, சரக்கு இல்லை.

வருடாந்தரத் தடுப்பூசி போட்டாச்சு

போடுங்கள், நல்லது. புதிய ரக ஃப்ளூ வைரஸுக்கு அதை நம்ப முடியாது, அதற்கான தடுப்பூசி வர மாதக்கணக்காகும்.

டாமிஃப்ளூவை வாங்கிப் பூட்டி வைப்பது

அறிகுறி தெரிந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அந்த ஃப்ளூ மருந்தால் நல்ல பலன். அது டாக்டர் சீட்டு வேண்டிய மருந்து. ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த கிளினிக், யார் சீட்டு எழுதுவார், யார் போய் வாங்கி வருவார் என்பது முடிவாகாமல் பெட்டியை மட்டும் வைத்திருந்தால், காலாவதியானதும் குப்பைக்குத்தான் போகும்.

ஒரே ஆளிடம் சாவி

சம்பளம் போடத் தெரிந்தவர் ஒருவர்தானா? இந்த வாரமே இரண்டாமவரைப் பழக்குங்கள்.

முடியாவிட்டால் ஊருக்குப் போய்விடலாம்

குடும்பத்தோடு இங்கே இருப்பவர்களிடம் நான் அதிகம் கேட்கும் பேச்சு இது. 2020 மார்ச் 16 இரவு மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தது, 18ஆம் தேதி பிறந்ததும் அமலுக்கு வந்துவிட்டது. தினமும் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வேலைக்கு வந்தவர்கள் எந்தப் பக்கம் தங்குவது என்று முடிவு செய்ய ஒரு நாள்தான் கிடைத்தது. கம்பெனிகள் அவர்களுக்குப் படுக்கை தேடி அலைந்தன. அதே வாரம், 22ஆம் தேதி, இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. வந்தே பாரத் சிறப்பு விமானங்கள் மே 7இல்தான் தொடங்கின, அதிலும் முன்னுரிமை வரிசை. வழக்கமான விமானங்கள் முழுசாகத் திரும்ப 2022 மார்ச் ஆயிற்று.

அதனால் இருக்கும் இடத்திலேயே இருக்கத் தயாராகுங்கள். ஊரிலிருந்து வருகிறவர் பிரஷர் மாத்திரை கொண்டுவருவார் என்று காத்திருக்காமல் இங்கே ஒரு டாக்டரிடம் பதிந்து வையுங்கள். பாஸ்போர்ட், பெர்மிட் தேதியைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா போய் வரிசையில் நின்று பணம் அனுப்புகிறவர் போனில் அனுப்பக் கற்றுக்கொள்ளட்டும். டார்ம் மூடிய பிறகு சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காது.

தூதரகம் வழிகாட்டும். உங்கள் வீட்டுக்கு மருந்தும் அரிசியும் கொண்டுவராது.

வீட்டு எண் இல்லாத பட்டியல்

2020 ஏப்ரலில் ஒரு ராத்திரி, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எனக்கு போன் செய்தார். மகன் இரண்டு நாளாக எடுக்கவில்லை, எங்கே இருக்கிறான் என்று கேட்டார். டார்மிலிருந்து மகனை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள், போன் சார்ஜர் அறையிலேயே கிடந்தது. எந்த இடம் என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் இரண்டு நாள் ஆனது. என் பட்டியலில் அந்த அம்மாவின் எண் இருக்கவில்லை. யார் யாரிடமோ கேட்டு அவர்தான் என்னைக் கண்டுபிடித்திருந்தார்.

தம்பியின் அட்டவணையில் இப்போது அறை எண்ணும் படுக்கை எண்ணும் இருக்கின்றன. ஊரில் இருப்பவர்களின் எண் இரண்டு, அந்த போனை எடுத்து அவர்கள் மொழியில் பேசப்போகிறவர் யார் என்பதற்கு ஒரு கட்டம், இவற்றையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.