டைல்ஸில் காய்ந்த பைப் சொல்யூஷன்

போன மாதம் குளியலறையில் சுடுதண்ணீர் லைனை மாற்றினோம். பிளம்பர் தம்பி வேலையைச் சுத்தமாகத்தான் செய்தார். ஆனால் பிளாஸ்டிக் பைப்பை ஒட்டுகிற சிபிவிசி சொல்யூஷன் டப்பாவிலிருந்து பிரஷ்ஷை வழிக்காமல் எடுத்ததில் வெள்ளை டைல்ஸில் நாலைந்து மஞ்சள் சொட்டு. “காய்ஞ்சா உரிஞ்சு வந்துடும்க்கா” என்றார். வரவில்லை.

சோப்புத்தூள், மண்ணெண்ணெய், டர்பன்டைன் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கடைசியில் பாத்ரூம் ஆசிட். அதில் குழாயின் பளபளப்புதான் போனது. சொட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகும்? அந்த சொல்யூஷனே கரைத்து வைத்த பிளாஸ்டிக்தான். டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிறதே, அந்தக் கரைப்பான் ஆவியாகிப் போனால் மிஞ்சுவது பைப் செய்கிற அதே பிளாஸ்டிக். ஆசிட் ஓடினாலும் அசையாத பைப்பின் சாதி அது.

வழிக்கு வந்தது அசிட்டோனில். நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கினால் லேபிளைப் பாருங்கள். ‘அசிட்டோன் ஃப்ரீ’ என்று போட்டிருந்தால் இதற்கு உதவாது. பெயிண்ட் கடையில் என்சி தின்னர் கேட்டாலும் சரி, வாடைதான் அதிகம்.

முதலில் டைல்ஸில் சோப்புத் தண்ணீர் தடவி, பிளேடை நன்றாகச் சாய்த்துப் பிடித்து மேடாக இருப்பதைச் சீவிவிடுங்கள். அப்புறம் ஈரத்தைத் துடைத்துவிட்டு, பஞ்சை அசிட்டோனில் நனைத்துச் சொட்டின் மேல் வையுங்கள். அசிட்டோன் கண்மூடித் திறப்பதற்குள் பறந்துவிடும் என்பதால் மேலே ஒரு பாலிதீன் கவர்த் துண்டு போட்டு மூட வேண்டும். பத்து நிமிடம். சொட்டு கரைந்து ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஊறி, வெந்த ஜவ்வரிசி மாதிரி கொழகொழவென்று ஆகும். அப்போதே ஐஸ் குச்சியால் வழித்தெடுங்கள். நான் பழைய ஏடிஎம் கார்டால் வழித்தேன். கார்டின் ஓரமே இளகிவிட்டது. அதுவும் பிவிசிதானே! ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை.

ஒன்றை மறக்க வேண்டாம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, கேஸ் கீசர் இருந்தால் அணைத்துவிட்டு உட்காருங்கள். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம்.

இந்த வைத்தியம் டைல்ஸ், பீங்கான் வாஷ்பேசின், கண்ணாடிக்குப் பயமில்லாமல் செய்யலாம். கிரானைட்டில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் சோதியுங்கள். வார்னிஷ் அடித்த மரத்தில் அசிட்டோன் பட்டால் வார்னிஷும் சேர்ந்து வந்துவிடும். ஹேர் டிரையரால் இளம்சூடாக்கி மெல்ல நெம்புவதே நல்லது. குரோம் குழாயில் பிளேடு வேண்டாம், கீறல் விழும். ஹெல்த் ஃபாசெட் பார்க்க உலோகம் மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் மேல்பூச்சு போட்ட பிளாஸ்டிக். அதன் கிட்டேயே போகாதீர்கள். வாளியில் பட்டிருந்தால் கவலையில்லை, அந்தப் பிளாஸ்டிக்கில் சொல்யூஷன் பிடிக்காது, நகத்தால் உரித்தாலே வந்துவிடும்.

பிவிசி கதவுதான் சிக்கல். அங்கே சொட்டு ஒட்டிக்கொள்வதில்லை, கதவையே இளக்கி உள்ளே இறங்கிவிடுகிறது. அசிட்டோன் போட்டால் கதவும் சேர்ந்து இளகும். நைஸ் உப்புத்தாளால் தேய்த்து மட்டப்படுத்தலாம், தழும்பு இருக்கும். எங்கள் கதவில் தாழ்ப்பாளுக்குக் கீழே ஒன்று விழுந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.