கோப்புறையை அழிக்காதீர்கள்: அகல மறுக்கும் மென்பொருளை அகற்றும் முறை

போன மாரியில், கோப்பாயைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தன் மடிக்கணினியைச் சீலைப் பைக்குள் வைத்து, மழை படாமல் பொலித்தீனும் சுற்றிக்கொண்டு, பலாலி வீதியில் இருக்கும் என் கடைக்கு வந்தார். கதிரையில் இருக்கும் முன்பே சொன்னார்: "பிள்ளை, இதற்குள் ஒன்று குந்திக்கொண்டிருக்கிறது. போ என்றால் போகவும் மாட்டேன் என்கிறது, இருந்து வேலை செய்யவும் மாட்டேன் என்கிறது."

அது ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள். காலம் முடிந்துபோய், பணம் கட்டச் சொல்லி மணிக்கொரு தடவை பெட்டி காட்டிக்கொண்டிருந்தது. உயர்தரம் படிக்கும் பேரன் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து, கணினியை, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்து, அந்த மென்பொருளின் கோப்புறையை அப்படியே அழித்துவிட்டான். அதன் பிறகு ஒவ்வொரு முறை கணினி திறக்கும்போதும் 'கோப்பைக் காணவில்லை' என்று செய்தி. இணையப் பக்கங்கள் ஒரு நேரம் திறக்கும், ஒரு நேரம் திறக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரொறன்ரோவில் இருந்து கதைக்கும் மகளின் முகம் பாதியில் உறைந்துவிடும். அன்இன்ஸ்டோல் என்பதை அழுத்தினால், அகற்றும் கோப்பே இல்லை என்று பதில் வருகிறது.

அந்தப் பையனில் எனக்குக் கோபம் இல்லை. பெரியவர்களே செய்யும் பிழை அது. ஆனால் இதைப் போன்ற பத்துக் கணினி வந்தால் ஏழெட்டில் இதே பிழை நடந்திருக்கும். ஆகவே முதலில் அதையே சொல்கிறேன்: அகல மறுக்கும் மென்பொருளின் கோப்புறையை முதல் வேலையாக அழிக்காதீர்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம். கோரைப் புல்லை மேலால் செருக்கிவிட்டால், அடுத்த தண்ணீர் இறைப்போடு திரும்பவும் நிமிர்ந்து நிற்கும். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது. மென்பொருளும் ஓரிடத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. புரோகிராம் பைல்ஸ் கோப்புறையில் ஒரு பகுதி, மறைந்திருக்கும் புரோகிராம் டேட்டா, ஆப் டேட்டா கோப்புறைகளில் இன்னொரு பகுதி, விண்டோஸின் உள்ளேயே டிரைவர்கள் என்ற இணைப்பு நிரல்கள், பின்னணியில் ஓடும் சேவைகள், குறித்த நேரத்துக்கு எழும்பும் பணிகள், இவற்றை எல்லாம் பதிந்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி. எது எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரிந்தது அந்த மென்பொருளுடன் வந்த அகற்றும் கோப்புக்கு மட்டும்தான். அந்தக் கோப்பு பெரும்பாலும் அதே புரோகிராம் பைல்ஸ் கோப்புறைக்குள்தான் இருக்கும். கோப்புறையை அழிப்பது, திறப்பைக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டுப் பூட்டோடு மல்லுக்கட்டுவது.

இதே வகையில் இன்னோர் இடத்தையும் தொடவேண்டாம். விண்டோஸ் கோப்புறைக்குள் இன்ஸ்டோலர் என்றொரு மறைவான கோப்புறை இருக்கிறது. பல ஜிகாபைட் இடம் பிடித்திருக்கும். வட்டில் இடம் இல்லை என்று அதைத் துடைத்துவிடுகிறவர்கள் உண்டு. விண்டோஸ் இன்ஸ்டோலர் மூலம் நிறுவப்படும் எம்.எஸ்.ஐ. வகை மென்பொருள்கள் தம்மை அகற்றிக்கொள்ளவும் புதுப்பித்துக்கொள்ளவும் தேவையான பிரதிகள் அங்கேதான் இருக்கின்றன. அது போனால், அகற்றும்போது 'முதல் நிறுவிய கோப்பைக் காட்டு' என்று கேட்டு நின்றுவிடும்.

சரி, வேலையைத் தொடங்குவோம். முக்கியமான ஆவணங்களை ஒரு பென்டிரைவில் பிரதி எடுங்கள். தேடும் பெட்டியில் 'ரீஸ்டோர் பொயின்ட்' என்று அடித்து, பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்குங்கள். பல கணினிகளில் இந்த வசதி நிறுத்தப்பட்டே இருக்கும், சி வட்டுக்கு அதை இயக்கிவிட்டுத்தான் உருவாக்க முடியும். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகுங்கள். மேசைக் கணினி என்றால் யூ.பி.எஸ். இல்லாமல் இந்த வேலைக்கு இறங்காதீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நிற்கும் என்று அறிவித்த காலத்தில், அகற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், பாதி உடலோடு நின்ற மென்பொருள்களை நான் கொஞ்சமாகப் பார்க்கவில்லை. அகற்றும் கோப்பு தன்னையும் அழித்துக்கொண்டுவிட்டது, பட்டியலில் பெயர் மட்டும் கிடக்கிறது. அந்த நிலைதான் மிகவும் சிரமம்.

அடுத்தது ரீஸ்டார்ட். இதைச் சொன்னால் எல்லோரும் "நேற்று இரவு நிறுத்திவிட்டுத்தானே படுத்தேன்" என்பார்கள். ஷட்டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால், இயங்குதளத்தின் கருப்பகுதி முழுதாக மூடப்படாமல் வட்டில் சேமிக்கப்பட்டு, காலையில் அப்படியே எழும்பும். நேற்று ஒரு டிரைவர் எதைப் பிடித்துக்கொண்டிருந்ததோ, இன்றும் அதே பிடியோடு வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக மூடித் திறக்கும். 'அடுத்த முறை தொடங்கும்போது அழி' என்று காத்திருக்கும் கோப்புகளும் அப்போதுதான் அழியும். என்னிடம் கொண்டுவரப்படும் கணினிகளில் சிலவற்றுக்கு இதற்கு மேல் ஒன்றுமே தேவைப்படுவதில்லை.

ரீஸ்டார்ட் ஆனதும் வேறு எதையும் திறக்காமல் நேராக அகற்றும் பட்டியலுக்குப் போங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டோல்ட் ஆப்ஸ். விண்டோஸ் 10இல் ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்ட்டின் பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தாலும், இங்கே அது ஓடும் கணினிகள் இன்னும் நிறைய. இரண்டிலுமே பழைய கொன்ட்ரோல் பனல் பட்டியலும் இருக்கிறது. அங்கே சில வேளை 'திருத்து' என்ற தெரிவும் கிடைக்கும். ரிப்பெயார் என்று எழுதியிருக்கும் அதை முதலில் ஓடவிடுங்கள். உடைந்த அகற்றும் கோப்பை அது சரிசெய்துவிட்டால், பிறகு அன்இன்ஸ்டோல் தடையில்லாமல் ஓடும்.

'இந்த மென்பொருள் பயன்பாட்டில் இருக்கிறது' என்று செய்தி வந்தால் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் அந்தப் பெயரில் ஓடுவதை நிறுத்துங்கள். நிறுத்தியதும் திரும்ப எழும்பினால், பின்னால் ஒரு சேவை அதை எழுப்புகிறது என்று அர்த்தம். தேடும் பெட்டியில் 'சேர்விசஸ்' என்று அடித்துத் திறந்து, அந்தச் சேவையை நிறுத்தி, அதன் தொடக்க முறையை 'டிசேபிள்ட்' ஆக்கிவிட்டு, மறுபடி ரீஸ்டார்ட். 'வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது' என்று 1618 எண்ணோடு பிழைச் செய்தி வந்தால் எதையும் நிறுத்தாதீர்கள். விண்டோஸ் புதுப்பிப்பு உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

அகற்றும் கோப்பே காணாமல் போயிருந்தால், நான் முதலில் செய்வது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: அதே மென்பொருளை, முடிந்தால் அதே பதிப்பை, தயாரித்தவரின் தளத்தில் இருந்து எடுத்து மேலாலே திரும்பவும் நிறுவுவேன். தொலைந்த திறப்புக்குப் பதிலாகப் புதுத் திறப்பு வந்து சேரும். நிறுவிய கையோடு அகற்றிவிடலாம்.

வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு மட்டும் வழி வேறு. தன்னை அழிக்க வரும் வைரஸுக்கு எதிராகத் தன்னையே காத்துக்கொள்ளும்படி அது எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் அழிப்பதும் வைரஸ் அழிப்பதும் அதற்கு ஒன்றுதான். அதனால் இந்த மென்பொருளைத் தயாரிப்பவர்களில் பெரும்பாலோர் அகற்றுவதற்கென்றே தனிக் கருவி ஒன்றை இலவசமாக வைத்திருக்கிறார்கள். அவாஸ்ட், மக்காபீ, நோர்ட்டன், கஸ்பர்ஸ்கி, ஈசெட் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். தேடலில் மேலே விளம்பரமாக வருவதை அழுத்தினால், ஒன்றை அகற்றப் போய் மூன்றை ஏற்றிக்கொண்டு வருவீர்கள்.

இந்தக் கருவிகளில் சிலவற்றை சேஃப் மோடில்தான் ஓட்ட வேண்டும். ஷிஃப்ட் பொத்தானை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய், மறுபடி ரீஸ்டார்ட் ஆனதும் 4ஐ அழுத்துங்கள். போகும் முன் இரண்டு விடயங்களைக் கையில் வைத்திருங்கள். ஒன்று, உங்கள் கணக்கின் கடவுச்சொல். நாளாந்தம் அடிக்கும் 'பின்' (PIN) இலக்கத்தை சேஃப் மோட் சில வேளை ஏற்காது. மற்றது, பிட்லொக்கர் மீட்பு எண். புதிய மடிக்கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம், 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்த கணினி என்றால் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே எண் இருக்கும், முன்கூட்டியே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: எம்.எஸ்.ஐ. வகை மென்பொருளை சேஃப் மோடில் அகற்ற முயன்று களைக்காதீர்கள். விண்டோஸ் இன்ஸ்டோலர் சேவை அங்கே வழமையாக இயங்குவதில்லை.

தபாலதிபர் ஐயாவின் கணினிக்கு நான் செய்தது இதைத்தான். அந்த நிறுவனத்தின் கருவியை என் கணினியில் இறக்கி, பென்டிரைவில் மாற்றி, சேஃப் மோடில் ஓட்டினேன். ஐயா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து, திரையில் ஓடிய ஒவ்வொரு வரியையும் தந்தி வாசிப்பது போல வாசித்தார். பேரன் கோப்புறையை அழித்த பிறகும், விண்டோஸுக்குள் டிரைவர்கள் மிஞ்சி, வலைப் போக்குவரத்தை மறித்துக்கொண்டிருந்தன. கருவி அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றியது. ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஐயாவுக்குக் காட்டினேன். அதுவரை, அழிந்துபோன அந்த மென்பொருள்தான் காவல் இருப்பதாகக் கணினி நம்பிக்கொண்டிருந்தது. அதனால் விண்டோஸின் சொந்த டிஃபென்டரும் ஒதுங்கியே நின்றது. இத்தனை நாளும் அந்தக் கணினிக்குக் காவலே இல்லை. இப்போது டிஃபென்டர் தானாக எழும்பிப் பச்சை அடையாளம் காட்டியது. நீங்களும் வைரஸ் தடுப்பை அகற்றினால் இந்த இடத்தைப் பார்க்காமல் எழும்பாதீர்கள்.

சாதாரண மென்பொருள் இவ்வளவுக்கும் அசையாவிட்டால், நிறுவல், அகற்றல் கோளாறுகளைச் சரிசெய்ய மைக்ரோசொப்ட் தரும் கருவியை ஓட்டிப் பாருங்கள். வெளியாட்களின் கருவிகளில் ரெவோ, பல்க் கிராப் அன்இன்ஸ்டோலர் (BCUninstaller) இரண்டையும் நான் பாவிக்கிறேன். முதலில் மென்பொருளின் சொந்த அகற்றும் கோப்பை ஓட்டி, பிறகு மிஞ்சியதைத் தேடிக் காட்டும். காட்டும் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கச் சொல்லாதீர்கள், அந்த மென்பொருளின் பெயர் வடிவாகத் தெரியும் வரிகளை மட்டும் தெரிவுசெய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியை ஒட்டுமொத்தமாகத் 'துப்புரவாக்கும்' கருவிகள் வேண்டவே வேண்டாம். அவற்றை மைக்ரோசொப்ட்டே ஆதரிப்பதில்லை. அவற்றால் ஒரு கணினி வேகமானதை நான் பார்த்ததில்லை, திறக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் வெறும் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தால், ரெஜிஸ்ட்ரியில் எச்.கே. லோக்கல் மெஷின், சொப்ட்வெயார், மைக்ரோசொப்ட், விண்டோஸ், கரன்ட் வேர்ஷன், அன்இன்ஸ்டோல் என்ற வரிசையில் இறங்கினால் அந்தப் பெயருக்கான பதிவு பல வேளை அங்கே இருக்கும். வலது பக்கத்தில் டிஸ்பிளே நேம் என்ற வரியைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். எக்ஸ்போர்ட் கொடுத்து அந்தப் பதிவைச் சேமித்துவிட்டு, அதை மட்டும் அழியுங்கள். கை நடுங்கினால் விட்டுவிடுங்கள், பட்டியலில் ஒரு பெயர் கிடப்பதால் கணினிக்கு ஒரு கேடும் இல்லை.

இப்போதுதான் கோப்புறையின் முறை. புரோகிராம் பைல்ஸ், புரோகிராம் டேட்டா, ஆப் டேட்டா மூன்றிலும் வெற்றுக் கூடாக மிஞ்சியதை அழிக்கலாம். டாஸ்க் ஷெடியூலரிலும், உலாவியின் நீட்சிகளிலும் அதே பெயர் இருக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள்.

எல்லாம் செய்தும் முடியாவிட்டால், கடைசி வழி 'ரீசெட் திஸ் பி.சி.' 'என் கோப்புகளை வைத்திரு' என்று தெரிவுசெய்தால் ஆவணங்கள் இருக்கும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போகும். எவை போயின என்று ஒரு பட்டியலை டெஸ்க்டொப்பில் விட்டுச்செல்லும். நீங்கள் பின்னர் சேர்த்த எழுத்துருக்களும் அதோடு போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. யாழ்ப்பாணத்தில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்கள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன: காணி உறுதி வரைவுகள், கோயில் மலர்கள், இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகங்கள், பல்கலைக்கழக ஆய்வேடுகள். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால், 'அம்மா' என்று அடித்த சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கும். போன வருடம் ஒரு பெண், தகப்பனாரின் அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டின் மூலக் கோப்பே பழுதாகிவிட்டது என்று அழுதுகொண்டு வந்தாள். கோப்புக்கு ஒன்றும் இல்லை, எழுத்துருவைப் போட்டதும் தகப்பனாரின் பெயர் தமிழில் வந்து நின்றது. ஆகவே ரீசெட் கொடுக்கும் முன், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் கோப்புறையைத் திறந்து, பாமினி என்று தேடி, வருவதை எல்லாம் அந்தப் பென்டிரைவிலேயே பிரதி எடுத்து வையுங்கள்.